கம்பிக்கு ஊற்றிய உப்புத்தண்ணீர்

வீட்டு ஓட்டுக்கும் பின்பக்கத்து வேப்பமரத்துக்கும் நடுவில் என் கணவர் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டியபோது குழந்தைக்கு எட்டு மாதம். எனக்கு முதலில் இடியைப் பற்றித்தான் தோன்றியது. வானத்தில் போவதைப் பிடிக்கிற கம்பி இடியை மட்டும் விட்டுவிடுமா? கேட்டேன். "அதுக்குத்தான் தரைக்கு ஒரு கம்பி போட்டிருக்கேன்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். அதனாலேயே எனக்குச் சந்தேகம் தீராது.

ஆம்பூரில் ஒரு டேனரியில் அவர் குமாஸ்தா. நாங்கள் இருந்தது டேனரிக்குச் சொந்தமான வரிசை வீடுகளில் ஒன்று. கல்யாணத்துக்கு முன்னால் ரயில்வேயில் தந்தி வேலைக்காகப் படித்து, வேலை கிடைக்காமல் தோல் கணக்குக்கு வந்தவர். சென்னையில் மாலை வேளைகளில் பாட்டும் பேச்சும் ஒலிபரப்பத் தொடங்கியிருக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்த நாளிலிருந்து அவருக்கு வேறு நினைப்பு இல்லை. தபாலாபீஸில் லைசென்ஸ் வாங்கினார். மரப்பெட்டி ஒன்றில் இரண்டு வால்வுகள், சுருள் சுருளாகக் கம்பி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு ஜோடி குழாய். கூடவே ஒரு பாட்டரி. அதைப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை பஸ்ஸில் வேலூருக்கு அனுப்பி மின்சாரம் ஏற்றி வரவேண்டும். அதிலிருந்து ஒரு சொட்டுத் திராவகம் பட்டு என் சேலையில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அன்றிலிருந்து குழந்தையை அந்த அறைக்குள் தவழ விடுவதில்லை.

"அந்த அலை சுவரைத் தாண்டி வருதுன்னு சொல்றீங்களே, குழந்தை மேலயும் படுமா?"

"உன் மேல, என் மேல, மாட்டு மேல, எல்லாத்து மேலயும் படுது. பெட்டி இல்லாத வீட்லயும் படுது."

மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்தவள் நான். அவர் சொல்வது சரியாக இருக்கலாம் என்று புரிந்தது. ஆனாலும் தொட்டிலைக் கழற்றி மறுபக்கத்து அறையில் கட்டினேன்.

தரைக்கம்பி என் பொறுப்பாயிற்று. ஓட்டை விழுந்த என்னுடைய செம்புத் தவலை ஒன்றைக் கம்பியோடு சேர்த்துப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்து, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் கொட்டியிருந்தார். அந்த மண் ஈரமாகவே இருக்கவேண்டும், உப்பும் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சத்தம் மங்கிப்போகும் என்றார். பாலாறே மணலாகக் கிடக்கிற ஊரில் மண்ணை எப்படி ஈரமாக வைப்பது? தினம் சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். இரண்டு நாளைக்கு ஒரு முறை உப்பு.

உப்புக்குச் செலவில்லை. பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வரும். ஊறவைக்கும் முன் அதை உதறுவார்கள். உதறி விழுந்த உப்பு கிடங்கில் குவிந்து கிடக்கும். கிடங்கு மேஸ்திரியின் மனைவி எங்கள் பக்கத்து வீடு. உருதும் தமிழும் கலந்து பேசுவாள். நான் அவளை ஆபா என்பேன். அவர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்குப் பேறு பார்க்க அம்மா வந்து சேர்வதற்குள் வலி எடுத்துவிட, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அவள் மேஸ்திரியிடம் சொல்லி ஒரு சட்டியில் உப்பு வாங்கித் தருவாள்.

முதல் நாள் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இன்னா தங்கச்சி, செடி ஒண்ணும் இல்லாத தரைக்குத் தண்ணி ஊத்தினு இருக்கே?"

"கம்பிக்கு ஆபா."

"கம்பி தண்ணி குடிக்குமா?"

"குடிச்சாத்தான் பாட்டு வருமாம்."

"எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான். டீ உள்ள போனாத்தான் பேச்சு வெளிய வரும்" என்றாள்.

சிரித்தோம். ஆனால் வரிசையில் மற்றவர்கள் சிரிக்கவில்லை. செம்புப் பாத்திரத்தைப் புதைத்து, மேலே உப்பைக் கொட்டி, தினம் தண்ணீர் ஊற்றுகிறாள் என்றால் யாருக்கு என்ன செய்கிறாள் என்றுதான் கேட்பார்கள். நான் குடத்தோடு போகும்போது ஜன்னல்கள் பாதி மூடும்.

எனக்கும் மனசு சரியாக இல்லை. அவர் கேட்டது பாட்டை மட்டும் அல்ல. ஒலிபரப்பு தொடங்குவதற்கு முன்பே வந்து குழாயை மாட்டிக்கொண்டு, ஒரு நோட்டில் பென்சிலால் புள்ளியும் கோடுமாக எழுதுவார். குழந்தை அழுதாலும் காதில் விழாது. எழுதி முடித்ததும் நோட்டைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்.

"யாரு பேசறாங்க?"

"கப்பல்காரங்க."

"ஆம்பூருக்கு ஏது கடல்?"

"மெட்ராஸ் கடல்ல இருந்து பேசறாங்க. தந்தி அடிக்கிற சத்தந்தான். மறந்துபோயிடக் கூடாதுன்னு எழுதிப் பாக்கறேன்."

"அவங்க பேசறதை நீங்க ஒளிஞ்சு கேக்கலாமா?"

"ஆகாசத்துல பேசறவன் ஒளிச்சா பேசறான்?" என்றார். பூட்டு மட்டும் எதற்கு என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அந்த மாதத்தில்தான் டேனரியில் பேச்சு கிளம்பியது. சென்னையில் பதனிட்ட தோல் விலை ஏறினால் கமிஷன்காரர் தந்தி அடிப்பார். தந்திச் சேவகன் சைக்கிளில் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். என் கணவர் அதை முதலாளிக்குத் தனியாகப் படித்துச் சொல்வார். பணத்தைத் திரட்டிக்கொண்டு மறுநாள் காலை ரயிலில் முதலாளியின் ஆள் வாலாஜாபேட்டைக்குப் போய்ப் பச்சைத் தோலைப் பிடிப்பார். அந்த மாதத்தில் மூன்று முறை நம் ஆள் போவதற்குள் ஊரின் மறுகோடியில் இருந்த இன்னொரு டேனரியின் தரகர், முந்தின சாயங்கால ரயிலிலேயே போய் நல்ல தோலையெல்லாம் பேசி முடித்துவிட்டிருந்தார்.

இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. எங்கள் ஊர்களில் தோலுக்கு விலை பேசுகிறவர்கள் வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேரும் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தும் அழுத்தியும் பேசுவார்கள். பக்கத்தில் நிற்கிற சொந்தத் தம்பிக்குக்கூடத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் ஓட்டின்மேல் ஒரு கம்பியைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? ரயில் பாதையோரம் போகிற தந்திக் கம்பியிலிருந்து எங்கள் கம்பி சேதியை உறிஞ்சிவிடுகிறது, குமாஸ்தா அதை மற்ற டேனரிக்குக் கொடுக்கிறார் என்று பேச்சு.

ஆபாதான் வந்து சொன்னாள். "உன் வூட்டுக்காரர் கம்பில தந்தி புடிக்கிறாராமே?"

"அது வேற, இது வேற ஆபா. இது கம்பியில்லாத் தந்தி."

"கம்பி இல்லாம வர்றதுக்கு உங்க வூட்ல எதுக்குக் கம்பி?"

அவர் தந்தி படித்தவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை முதலாளியே வந்தார். வயதானவர், கைத்தடியோடு. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். லைசென்ஸைக் கையில் வாங்கி முத்திரையை மட்டும் பார்த்தார். குழாயைத் தொப்பிக்கு மேலேயே மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"ஒரு பொம்பளை பாடுறா" என்றார். "நல்லாத்தான் பாடுறா. பாட்டு வர்ற வழில விலை வராதா?"

"தந்தி கம்பிக்குள்ளயே போவுதுங்க மொதலாளி. இதுல அது சிக்காது" என்றார் என் கணவர்.

"நீ சொல்றது சரியா தப்பான்னு பாக்க எனக்குப் படிப்பு இல்ல. பத்து நாளைக்கு இந்தக் கம்பியை எறக்கி வையி. அப்பவும் அவன் முந்தினா நீ சுத்தம். முந்தலைன்னா ஆபீஸ் சாவியையும் இந்த வூட்டுச் சாவியையும் குடுத்துட்டுப் போயிடு. போலீசு கீலீசு ஒண்ணும் வேணாம்."

அவர் கோபமாகப் பேசவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது. என் கணவர் அன்றே மரத்தில் ஏறிக் கம்பியை இறக்கிச் சுருட்டி முதலாளியின் ஆளிடம் கொடுத்தார். "நல்லதாப் போச்சு. பத்து நாள்ல உண்மை தெரிஞ்சுடும்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். குற்றம் செய்தவரின் முகமும் அப்படித்தானே தெளிவாக இருக்கும் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் தந்திச் சேவகன் போனான். மறுநாள் காலை ரயிலில் நம் ஆள் வாலாஜாபேட்டைக்குப் போனார். யாரும் முந்தவில்லை. நல்ல தோலாக மூன்று வண்டி வந்து இறங்கியது.

ஊருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. எனக்கும் வேண்டியிருக்கவில்லை என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். அவர் டேனரிக்குப் போனதும் தகரப் பெட்டியின் சாவியை அவர் மாற்றிப்போட்ட சட்டையிலிருந்து எடுத்துத் திறந்தேன். நோட்டில் புள்ளிக்கும் கோட்டுக்கும் கீழே இங்கிலீஷில் எழுத்து எழுத்தாக எழுதியிருந்தார். கூட்டிக் கூட்டிப் படித்தேன். கப்பல் பெயர்கள். காற்று எந்தத் திசை. நாளை மதியம் துறைமுகம் சேர்வோம். பக்கத்துக்குப் பக்கம் கடைசியில் குட் நைட், குட் நைட். அதையும் நம்பவில்லை. யாரோ முகம் தெரியாத கப்பல்காரன் எதற்கு இத்தனை குட் நைட் சொல்கிறான், அது வேறு எதற்காவது அடையாளமாக இருக்குமோ என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். தோல் என்ற சொல் எங்கும் இல்லை. விலையும் இல்லை.

பெட்டியைப் பூட்டினேன். பூட்டியபின் வெட்கமாக இருந்தது. அவர் இல்லை என்றால் வேறு யார்? கம்பி இறங்கியதும் அது நின்றுவிட்டதே. கம்பியோடு வேறு எது நின்றது?

குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது புரிந்தது. நான் தண்ணீர் ஊற்றுவது நின்றது. ஆபாவிடம் உப்புக் கேட்பது நின்றது.

என் கணவர் ஆபீஸ் விலையை வீட்டில் வாய் திறந்து சொன்னதே இல்லை. ஆனால் மதியம் சாப்பிட வரும்போது உப்பு தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால், சில நாள், "பரவால்ல, நாளன்னிக்கு உப்பு நிறைய வரும்" என்பார். அது எந்த நாள் என்று நான் யோசித்ததில்லை. விலை ஏறித் தந்தி வந்த நாள். மறுநாள் தோல் வாங்குவார்கள், அதற்கு மறுநாள் கிடங்கில் உதறுவார்கள், உப்பு குவியும். அவர் கம்பியை நினைத்துச் சொல்வார். நான் அதைச் சுவருக்கு அந்தப்பக்கம் சொல்வேன்: "இன்னிக்கு வேணாம் ஆபா, நாளன்னிக்கு நிறைய வருமாம்." ஆபாவின் சொந்த அண்ணன்தான் மற்ற டேனரியின் தரகர். மதியச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டுக்கு வருகிற வழக்கம் உள்ளவர்.

முதலாளியிடம் போய்ச் சொல்லலாமா? சொன்னால் என் கணவர் வாயிலிருந்துதான் சேதி போனது என்று ஆகும். மேஸ்திரிக்கும் வேலை போகும். அவர்களும் இதே வரிசையில், இதே டேனரி வீட்டில் இருக்கிறவர்கள்தான். சொல்லாவிட்டால் நாங்கள் சாவியைக் கொடுக்கவேண்டும். அதோடு, ஆபாவுக்கு இது தெரியுமா தெரியாதா? தெரிந்துதான் ஒவ்வொரு முறையும் "ஒரு சட்டியா, ரெண்டு சட்டியா" என்று கேட்டாளா? அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் அன்று முழுக்க உரசிப் பார்த்தேன். குழந்தை எப்போது தூங்கும் என்று கேட்டதைக்கூட.

எட்டாம் நாள் காலை முதல் வாசலிலேயே இருந்தேன். தந்திச் சேவகன் சைக்கிள் வரவில்லை. மதியம் ஆபாவின் அண்ணன் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் அவள் கதவண்டை நின்றேன்.

"ஆபா, ரெண்டு நாள்ல கம்பியைத் திரும்பக் கட்டிடுவாராம். நாளன்னிக்கு உப்பு நிறைய வருமாம். ரெண்டு சட்டி எடுத்து வைக்கச் சொல்லுங்க."

"ரெண்டா? அவ்ளோ ஜாஸ்தி வருதா?"

"அப்படித்தான் சொன்னாரு."

"சரி, சொல்றேன். கொழந்தையைக் குடு, மூஞ்செல்லாம் கஞ்சி" என்று வாங்கித் துடைத்துவிட்டாள். அவள் துடைக்கும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்கால ரயிலில் தரகர் போனார். மறுநாள் வாலாஜாபேட்டையில் கிடைத்த தோலையெல்லாம் கேட்ட விலைக்குப் பிடித்தார். அதற்கு மறுநாள் வந்த தந்தியில் சென்னையில் விலை இறங்கியிருந்தது. அதைச் சொல்லும்போது என் கணவர் சாப்பாட்டுத் தட்டுக்கு முன் உட்கார்ந்து சிரித்தார்.

"மொதலாளி என்ன சொன்னார் தெரியுமா? 'ஓட்டு மேல கம்பியும் இல்ல, அன்னிக்குத் தந்தியும் இல்ல, அவன் எத்தைப் புடிச்சினு ஓடினான்? பைத்தியக்காரன், தானாத்தான் ஓடினு இருந்திருக்கான். நாமதான் உன்னைப் போட்டு பேஜார் பண்ணிட்டோம்' அப்படின்னார். கம்பியைத் திருப்பிக் குடுத்துட்டார்."

"நல்லதாப் போச்சு" என்றேன். அவரிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. சட்டையிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்ததையும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து ஆபா வந்தாள். உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்றாள்.

"எங்க அண்ணனை வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. ஆலங்காயத்துல மச்சான் வூட்டுக்குப் போறான், தோல் ஊறப்போடற ஆவாரம்பட்டை கிட்டை வாங்கி விக்கலாம்னு." முக்காட்டை இழுத்துவிட்டாள். "உப்பு வரவே இல்லையே தங்கச்சி."

நான் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"என் மூஞ்சியப் பாத்து ஒண்ணு சொல்லு. தெரிஞ்சுதான் சொன்னியா?"

"ஆமா ஆபா."

"சாப்புட வர்றவன் கேப்பான், மேஸ்திரிக்கு வேலை ஜாஸ்தியா கம்மியான்னு. நான் சொல்லுவேன். அவ்ளோதான். அவன் அதை வெச்சு இன்னா பண்றான்னு எனக்குத் தெரியாது. நான் தெரியாம சொன்னேன். நீ தெரிஞ்சு சொன்னே."

"இல்லேன்னா எங்களை வெளிய அனுப்பியிருப்பாங்க ஆபா. நான் வேற என்ன செய்யறது?"

"என்னைக் கேட்டிருக்கலாம் இல்ல? சுவருக்கு இந்தப்பக்கம்தானே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு உண்மையிலேயே தெரியாதா? தெரியாதவள் ரெண்டு சட்டியா என்று அப்படிக் கேட்பாளா? யாருமே அப்படித்தான் கேட்பார்கள் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் தோன்றாது. அவள் குரலை மனசில் எத்தனை முறை திருப்பிக் கேட்டாலும் எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குப்பின் அவள் பேசவில்லை. கம்பி மறுபடியும் ஓட்டின்மேல் ஏறியது. உப்பை அவரே கிடங்கிலிருந்து கொண்டுவந்தார். ஏன் ஆபா தருவதில்லை என்று அவர் கேட்கவில்லை. அவர் காதில் குழாய் இருந்தது.

ஒரு நாள் காலை நான் துணி அலசிக்கொண்டிருந்தபோது குழந்தையைக் காணவில்லை. கதவு திறந்திருந்தது. தெருவுக்கு ஓடினேன், கிணற்றை எட்டிப் பார்த்தேன், பாட்டரி இருந்த அறையைப் பார்த்தேன். திரும்பி வந்தபோது ஆபா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். பழகிய வீடு, தானாகவே தவழ்ந்து போயிருக்கிறது. என் வாசலில் இறக்கிவிட்டு, என்னைப் பார்க்காமல் திரும்பிப் போனாள்.

குழந்தையை உள்ளே தூக்கிப்போய்க் கதவைச் சாத்தினேன். கையைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளங்காலைப் பார்த்தேன். வாயைத் திறந்து, ஏதாவது கொடுத்திருக்கிறாளா என்று விரலை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. முகம் கழுவி, தலையில் எண்ணெய் தடவி வாரிவிட்டிருந்தாள், அவ்வளவுதான். அப்படியும் இரண்டு நாள் குழந்தையைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.